பாப்பா குடிமகள், நான் மருமகள்!

எங்கள் வீட்டு மூன்று பேரில் பின்லாந்துக்குக் குடிபெயர்ந்தவள் நான் ஒருத்திதான். என் கணவர் ஊர் திரும்பினார். பாப்பா பிறக்கும்போதே அந்த நாட்டுக் குடிமகள். அப்பா பின்லாந்துக்காரர், பெற்றோர் முறைப்படி மணமானவர்கள் என்றால், பிள்ளை உலகத்தில் எந்த மூலையில் பிறந்தாலும் குடியுரிமை கூடவே வந்துவிடும். அவர்கள் சட்டம் அப்படி. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை, கோயம்புத்தூரில் பாட்டி மடியில் உட்கார்ந்திருக்கவே, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாள் என்றால் பாருங்கள்! ஹெல்சிங்கி விமான நிலையத்தில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழானது. அப்பாவும் மகளும் ஒரே நிறப் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு ஒரு வரிசையில் போய்விட்டார்கள். நான் குடியிருப்பு அட்டையோடு பக்கத்து வரிசையில். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா, சீக்கிரம் வா, இதான் நம்ம ஊரு!" என்று கத்தினாள் நாலு வயசுக்காரி. அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஊரை எனக்குச் சுற்றிக் காட்டப்போகிறவள் இவள்தான் என்று.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது மற்றவர்கள் பார்ப்பது வாசலில் எடுத்த போட்டோவை. அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்த அமர்க்களம் இருக்கிறதே, அதைக் காட்டுகிறேன், வாருங்கள். எனக்கு அந்தப் பரபரப்பு இன்னும் அடங்கவில்லை.

முதலில் காகிதப் படலம். எங்களுடையது 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடந்த திருமணம். 30 நாள் எங்கள் பெயர்கள் பதிவு அலுவலகப் பலகையில் தொங்கின. அந்தச் சான்றிதழ்தான் எங்கள் பயணத்தின் கதாநாயகன்! அதற்கு மாநில அரசின் முத்திரை வாங்கி, அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். 2005-ல் இந்தியா அபோஸ்தில் உடன்படிக்கையில் சேர்ந்தது நல்லதாய்ப் போயிற்று, அந்த ஒரே ஸ்டிக்கரைப் பின்லாந்து அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஸ்டிக்கர் என்றால் ஸ்டிக்கர்தானே என்று பாப்பா அதன் பக்கத்தில் ஒரு பட்டாம்பூச்சி ஒட்டப் பார்த்தாள். அப்பா பாய்ந்து பிடித்தார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது பெட்டி. எங்கள் பெட்டிகளில் ஒன்றைத் திறந்தால் மேலே பாப்பாவின் பருத்திக் கவுன்கள், அதன் அடியில் தாத்தா வாங்கித் தந்த பழைய போர்வை, அந்தப் போர்வைக்குள் சுருட்டி வைத்த டேபிள்டாப் கிரைண்டரின் குழவிக்கல்! டிரம் இன்னொரு பெட்டியில். மோட்டார் வேறொன்றில். "அங்க கரண்டு ஒத்துக்குமா கண்ணு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒத்துக்கொள்ளும். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் முள் மட்டும் வேறு, அதற்கு ஒரு அடாப்டர் போதும். மாவு பொங்குமா என்பதுதான் நிஜமான கேள்வி. அதற்கு விடையைக் கண்டுபிடித்தவர் என் கணவர். பின்லாந்து வீடுகள் பலவற்றில் குளியலறைத் தரையின் அடியில் சூடேற்றும் கம்பி ஓடும். அந்தக் கதகதப்பான தரையில் மாவுப் பாத்திரத்தை ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், ஜனவரியிலும் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி நிற்கிறது. மாவைப் பார்க்க மூவரும் காலையில் ஓடுகிறோம்.

சமையலறையிலும் ஒரு அதிசயம் உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் மேலே உள்ள அலமாரியைத் திறந்தால் அடித்தட்டே கிடையாது, கம்பி அடுக்குகள்தான். கழுவிய தட்டை ஈரத்தோடு செருகிக் கதவைச் சாத்திவிடலாம். தண்ணீர் தானாகத் தொட்டியில் சொட்டிவிடும். 1940-களில் மையூ கெப்ஹார்ட் என்ற பெண்மணி வடிவமைத்தது இது. பாத்திரம் துடைப்பதிலேயே பெண்களின் வாழ்நாள் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்தாராம். எங்கள் இட்லித்தட்டு அதில் கச்சிதமாக உட்கார்ந்தபோது நான் கைதட்டினேன், உண்மையாகவே கைதட்டினேன்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் மாமியாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கொங்கு நாட்டுப் பெண் நான், எனக்கு வாய் வரவில்லை. அத்தை என்றே கூப்பிட்டேன். அவருக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. இப்போது அவர் எனக்கு அனுப்பும் செய்திகளின் கீழே 'அத்தை' என்றுதான் போடுகிறார். பாப்பாவுக்கு அவர் மும்மோ, மாமனார் உக்கி. நாங்கள் வரப்போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து அத்தை ஒரு பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கையால் பின்னிய கம்பளிக் காலுறைகள், இந்த வருடத்துக்கு, அடுத்த வருடத்துக்கு, அதற்கடுத்த வருடத்துக்கு என்று பாதம் வளர வளரப் போடும்படி. கூடவே 'கிர்ப்பிஸ்' என்கிற பழம்பொருள் கடையில் பொறுக்கியெடுத்த பனி உடுப்பு. அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளை விலைச்சீட்டு ஒட்டி வைத்துவிட்டுப் போகலாம். மூன்று பிள்ளைகள் போட்டு வளர்ந்த உடுப்பு நாலாவதாக நம் பிள்ளைக்கு வருகிறது. காலரின் உட்புறத்தில் பழைய பெயர்கள் அடித்து அடித்து எழுதியிருக்கும். அதில் கடைசியாக எங்கள் பாப்பாவின் பெயர்!

இனி நான் உங்களை அழைத்துப்போக ஆசைப்படும் இடம். ஹெல்சிங்கி வருகிறவர்கள் பார்க்கிற வெள்ளைத் தேவாலயம் அழகுதான், கடற்கோட்டையும் அழகுதான். ஆனால் இந்த நாட்டின் உள்ளறையைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டரைக்கு ஒரு 'பைவாகோட்டி'யின் முன்கூடத்துக்கு வரவேண்டும். பைவாகோட்டி என்பது பிள்ளைகளின் பகல்வீடு. நகராட்சி நடத்துவது. மூன்று வயதுக்கு மேற்பட்ட ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்குக் கீழே என்றால் நாலு பேருக்கு ஒருவர்.

கதவைத் திறந்ததும் ஈரக் கம்பளி வாசனை. செருப்பு, ஷூ எல்லாம் வாசலோடு சரி, நம் வீடு மாதிரியே. சுவர் நெடுக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாடம், ஒரு கொக்கி, அதன் மேல் அந்தப் பிள்ளையின் போட்டோ. ஓரத்தில் பீரோ போல ஒரு பெட்டி ஊதிக்கொண்டே இருக்கும், அது உலர்த்தும் அலமாரி. அதற்குள் சின்னச் சின்ன ரப்பர் கால்சட்டைகள் வரிசையாகத் தொங்கும். அவைதான் 'குராஹௌசுத்', சேற்றுக் கால்சட்டை. மழை பெய்தால் பிள்ளைகளை உள்ளே வைப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? மழை பெய்தால்தான் குராஹௌசுத் போட்டு வெளியே அனுப்புகிறார்கள்! தினமும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். தூறலிலும் பனியிலும் போவார்கள், பொல்லாத குளிர் அடிக்கும் நாள் மட்டும் விலக்கு. குட்டிப் பாப்பாக்கள் மதியத் தூக்கத்தைக்கூட வெளியே தள்ளுவண்டியில், மூக்கு நுனி மட்டும் தெரியத் தூங்குவார்கள்.

குளிர்காலத்தில் அந்தக் கூடத்தில் பிள்ளைகள் உடுத்துவதைத்தான் நான் ஆசை ஆசையாகப் பார்ப்பேன். சுவரில் படம் போட்டு வைத்திருக்கிறார்கள், எது முதலில், எது அடுத்தது என்று. உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை. அதன்மேல் ஒரு மெத்தென்ற சட்டை. காலுறை, அதன்மேல் மும்மோவின் கம்பளிக் காலுறை. இனி முழு உடுப்பு. அதைத் தரையில் மல்லாத்தி விரித்து, ஜிப்பைக் கடைசி வரை திறந்து, அதன் நடுவில் உட்கார வேண்டும். வலது கால், இடது கால். எழுந்து நின்று ஒரு குதி, தோள் உள்ளே போகும். ஜிப். பூட்ஸ் மாட்டிய பிறகு உடுப்பின் அடியில் உள்ள ரப்பர் வாரை பூட்ஸுக்கு அடியில் இழுத்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பனி உள்ளே ஏறிவிடும். கழுத்துக்குத் துண்டு கூடாது, விளையாடும்போது எங்காவது மாட்டிக்கொள்ளும் என்பதால் குழாய் மாதிரி தைத்த கழுத்துறைதான். தலை, காது, கன்னம் மூடும் குல்லா. கடைசியாகக் கையுறை. எல்லாம் போட்டு முடிந்த பாப்பா, எண்ணெயில் உப்பி எழுந்த பூரி மாதிரி நிற்பாள்.

இதில் என் மனதைக் கொள்ளையடித்தது வேறொன்று. டீச்சர் கை வைப்பதில்லை. பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளை இடது காலை வலது குழாயில் விட்டு, எடுத்து, மறுபடி விட்டு, ஜிப்போடு மல்லுக்கட்டும். அவர் காத்திருப்பார். எத்தனை நேரமானாலும் காத்திருப்பார். பிள்ளை நிமிர்ந்து பார்த்து உதவி கேட்டால் ஜிப்பின் கீழ்முனையை மட்டும் பிடித்துக்கொள்வார், இழுப்பது பிள்ளைதான். வாயில் ஊட்டி, தலை வாரி, ஷூ மாட்டி அனுப்பும் பாசத்தில் வளர்ந்தவள் நான். அந்தப் பாசத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு வயதுப் பிள்ளை ஒன்று முழுப் பனி உடுப்பையும் தானே போட்டுக்கொண்டு கதவைத் தள்ளித் திறக்கும்போது அதன் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது பாருங்கள், அதற்காக எத்தனை நேரமும் காத்திருக்கலாம்.

சாப்பாடு அங்கேயே. காலைக் கஞ்சி, மதியச் சாப்பாடு, சாயங்காலப் பலகாரம். வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் அடுப்பில் சுட்ட பான்கேக்கும் என்பது இந்த நாட்டின் பழைய வழக்கம். பாப்பாவுக்கு வியாழன் என்றாலே கொண்டாட்டம், சைவச் சூப்பும் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு சைலிட்டால் வில்லை. பல்லில் சொத்தை வராமல் காக்க சைலிட்டால் உதவும் என்று 1970-களில் துர்க்கு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொன்னவர்கள் இவர்கள்தான். அந்த ஆராய்ச்சி இப்போது என் மகளின் கன்னத்துக்குள் உருண்டுகொண்டிருக்கிறது! டீச்சர்களையும் பிள்ளைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகின்றன. வீடியோ அழைப்பில் பாப்பா டீச்சரை மொட்டையாகப் பெயர் சொல்ல, கோயம்புத்தூரில் பாட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்படியெல்லாம் சொல்லக்கூடாது சாமி, அக்கான்னு சொல்லோணும்." மறுநாள் பாப்பா டீச்சரின் பெயரோடு அக்காவைச் சேர்த்துவிட்டாள். இப்போது அந்த வகுப்பே அவரை அப்படிக் கூப்பிடுகிறது.

'நெவுவோலா'வுக்கும் ஒரு எட்டு போய்வருவோம். அது தாய்சேய் நல நிலையம். ஆர்வோ இல்ப்போ என்ற குழந்தை மருத்துவர் 1922-ல் ஹெல்சிங்கியில் தொடங்கிவைத்தது, இன்று நாடு முழுக்க, இலவசமாக. நாலு வயதில் விரிவான பரிசோதனை ஒன்று உண்டு, அப்பா அம்மா இருவரையுமே அழைப்பார்கள். நர்ஸ் நம்மூர்த் தடுப்பூசிப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எல்லாத் தேதியையும் கணினியில் ஏற்றினார். பாப்பா பந்து பிடித்தாள், ஒற்றைக் காலில் குதித்தாள், ஒரு மனிதரை வரைந்தாள் (மீசையோடு, தாத்தாவாம்). எல்லாம் முடிந்தது என்று எழுந்தேன். நர்ஸ் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். நன்றாகத் தூங்குகிறீர்களா, பேச ஆள் இருக்கிறதா, யாராவது உதவிக்கு வருகிறார்களா என்று என்னைக் கேட்டார். பிள்ளையைப் பார்க்கும் பரிசோதனையில் அம்மாவும் ஒரு பக்கம் என்று அவர்கள் வைத்திருக்கிறார்கள். நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

சரி, இப்போது எங்கள் வீட்டில் இரவு வெகுநேரம் விளக்கெரிய வைத்த ஒரு கட்டத்துக்கு வருவோம். பின்லாந்தின் மக்கள்தொகைப் பதிவேட்டில் சேர்ந்தால் எல்லோருக்கும் ஒரு அடையாள எண் கிடைக்கும். பிறந்த தேதி, ஒரு குறி, பிறகு மூன்று எண்கள், கடைசியில் ஒரு சரிபார்ப்புக் குறி. போன நூற்றாண்டில் பிறந்த எனக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு, இந்த நூற்றாண்டுக்காரி பாப்பாவுக்கு 'ஏ'. இதெல்லாம் குஷியாகத்தான் இருந்தது. அதே பதிவேட்டில் தாய்மொழி என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு மொழிதான் எழுதலாம். இரண்டுக்கு இடமில்லை.

என் கணவர் தமிழ் கற்றது எங்கள் வீட்டுத் திண்ணையில், என் அப்பாவிடம். அதனால் நாய்க்குட்டிக்கும் 'ங்க' போட்டுப் பேசுவார். பின்னிஷ் என்று எழுதினால் இந்த ஊரில் பிள்ளைக்கு எல்லாம் சுலபமாக இருக்குமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தமிழ்னே போடுங்க அம்மிணி. பின்னிஷ் பஸ்ல கிடைக்குமுங்க, பார்க்ல கிடைக்குமுங்க. தமிழு இந்த ஊர்ல உங்ககிட்ட மட்டுந்தானுங்க அவளுக்குக் கிடைக்கும்." தமிழ் என்றே எழுதினோம். பின்லாந்துப் புள்ளிவிவரத்தில் தமிழ் பேசுகிறவர்களின் எண்ணிக்கையில் எங்கள் பாப்பாவும் ஒருத்தி! பைவாகோட்டியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரோடு உட்கார்ந்து ஒரு கல்வித் திட்டம் எழுதுவார்கள். அதில் டீச்சர் கேட்டு எழுதிக்கொண்ட முதல் விஷயம், பாப்பாவுக்குத் தூக்கம் வரும்போது தமிழில் என்ன சொன்னால் பிடிக்கும் என்பது. தட்டிக்கொடுத்துக்கொண்டே "தங்கம், சாமி" என்று சொல்ல இப்போது அவருக்கும் தெரியும்.

ஊர் சுற்றாமல் இருப்போமா? தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் கூட வரும் பெரியவருக்கு பஸ், டிராம், மெட்ரோ எதிலும் டிக்கெட் வேண்டாம். ஆகவே நானும் பாப்பாவும் ராணிகள். எங்களுக்குப் பிடித்த இடம் 'ஓடி' நூலகம். 2018 டிசம்பர் 5 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் திறந்தது, நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே. மேல்மாடியில் பிள்ளைகள் புத்தகங்களோடு தரையில் உருளும். நடு மாடியில் தையல் இயந்திரங்கள், யார் வேண்டுமானாலும் தைக்கலாம். தீபாவளிக்குப் பாப்பாவின் பட்டுப்பாவாடையை, உள்ளே கம்பளிக் கால்சட்டை போட இடம் வரும்படி, இடுப்பைப் பிரித்து நான் தைத்தது அங்கேதான். பக்கத்து இயந்திரத்தில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் சரிகையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பின்லாந்தில் முன்பின் தெரியாதவர்கள் பேசவே மாட்டார்கள் என்று சொன்னவர்களை அங்கே கூட்டிப் போயிருக்க வேண்டும்.

நவம்பர் இருட்டு கனமானதுதான், மறைப்பானேன். டிசம்பர் பின்பாதியில் ஹெல்சிங்கிக்குப் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. இருட்டில் நடக்கிறவர்கள் ஒளி பிரதிபலிக்கும் வில்லை மாட்டிக்கொள்கிறார்கள், பைவாகோட்டிப் பிள்ளைகள் அதேபோல் ஒளி பிரதிபலிக்கும் மேலாடை போட்டு வரிசையாகப் போவார்கள். கார் விளக்கு படும்போதெல்லாம் மொத்த வரிசையும் மின்னும். இருட்டை ஈடுகட்டக் கோடை வரும். அப்போது பூங்காக்களில் பிள்ளைகளுக்கு இலவச மதியச் சாப்பாடு. 1942-ல், போர்க்காலத்தில் ஹெல்சிங்கி தொடங்கிய வழக்கம், இன்றும் நடக்கிறது. கிண்ணமும் கரண்டியும் நாம் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கிண்ணங்களுக்கு நடுவே பாப்பா மட்டும் பளபளக்கும் எவர்சில்வர் தூக்குப்போசியோடு நின்றாள்.

சனிக்கிழமையைச் சொல்லாவிட்டால் என் அப்பா கோபித்துக்கொள்வார். கோயம்புத்தூரில் சனிக்கிழமை தவறாமல் மாப்பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்து, தலை முழுக்க நல்லெண்ணெய் வைத்து, அரப்புத் தேய்த்துக் குளிக்க அனுப்புவார் அவர். இங்கே சனிக்கிழமை சௌனா நாள்! எங்கள் குடியிருப்பின் பொதுச் சௌனாவில் எங்களுக்கென்று ஒரு நேரம் உண்டு. சூடான கல்லின்மேல் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினால் ஆவி குபுகுபுவென்று ஏறும். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பண்பாடு. பாப்பா கீழ்ப்படியில், சூடு குறைந்த இடத்தில், துண்டு விரித்து உட்கார்ந்திருப்பாள். குளித்துவிட்டு வந்ததும் வீடியோவில் தாத்தாவைக் கூப்பிட்டு, "இன்னைக்கு எண்ணெய் தேச்சீங்களா தாத்தா? நாங்க ஆவி ஊத்தினோம்" என்று அறிக்கை வாசிப்பாள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஆனாலும் தாத்தா தூங்காமல் அந்த அழைப்புக்காக உட்கார்ந்திருப்பார்.

வரும் செப்டம்பரில் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். விசாவுக்கான காகிதங்கள் எல்லாம் தயார். பாப்பா தினமும் பாட்டிக்கு வகுப்பெடுக்கிறாள், எது முதலில் போட வேண்டும், எது அடுத்தது என்று. நேற்று குராஹௌசுத்தைக் கேமரா முன்னால் போட்டுக் காட்டினாள்.

"அதைச் சேலை மேல போட்டுக்கலாமா கண்ணு?" என்று கேட்டார் அம்மா.

பாப்பா யோசித்தாள். "நாளைக்கு அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன் பாட்டி" என்றாள்.